400 கட்டுரைக்காரரா, 70 கட்டுரைக்காரரா? ஒரு மூலக்கூற்று உயிரியலாளரின் வெளியீட்டுப் பட்டியலை எப்படி வாசிப்பது

கோணேசபுரி வளாகத்தில் பௌதிகம் படிக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கும் கேள்வி இது. மூலக்கூற்று உயிரியலில் பிஎச்டி செய்ய ஆசை. இரண்டு பேராசிரியர்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார். ஒருவருக்கு 400 ஆய்வுக் கட்டுரைகளுக்கு மேல், மற்றவருக்கு 70 மட்டில். அம்மா 400 காரரிடம் போகச் சொல்கிறார். 70 காரரின் பட்டியலில் ஓரிடத்தில் மூன்று வருடம் ஒன்றுமே இல்லை, அதுதான் பயமாக இருக்கிறது என்கிறார். பௌதிகம் படித்த ஒருவரை இந்தத் துறைக்குள் எடுப்பார்களா என்ற கேள்வியும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தங்கச்சி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். எடுப்பார்கள். இதைச் சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, இந்தத் துறையின் பெரிய பெயர்களில் கணிசமானவை பௌதிகத்திலிருந்து வந்தவை. அதில் ஒருவருடைய பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டே மற்றக் கேள்விகளுக்கும் போகலாம், ஏனென்றால் ஒரு பட்டியலை எப்படி வாசிப்பது என்பதை விதியாகச் சொன்னால் மனதில் நிற்காது, ஒரு ஆளை வைத்துச் சொன்னால் நிற்கும்.

வெங்கி ராமகிருஷ்ணன். 1952 இல் சிதம்பரத்தில் பிறந்தவர், மூன்று வயதில் குடும்பம் பரோடாவுக்குப் போய்விட்டது. 2009 இல் தோமஸ் ஸ்டைட்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், பிறகு 2015 இலிருந்து 2020 வரை இலண்டன் ரோயல் சொசைட்டியின் தலைவராக இருந்தவர். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது. இதை மறந்துவிட்டு அவருடைய பட்டியலை அடியிலிருந்து வாசியுங்கள். நான் எல்லாருக்கும் சொல்வது இதைத்தான்: இணையத்தில் பட்டியல் பெரும்பாலும் புதிய கட்டுரை மேலே, பழையது கீழே என்றுதான் வரும், அப்படி இல்லாவிட்டால் வருட வரிசையில் மாற்றிக்கொள்ளுங்கள். மேலிருந்து வாசித்தால் ஒருவருடைய புகழ் தெரியும், கீழிருந்து வாசித்தால் அவர் எதைத் தேடிப் போனார் என்பது தெரியும்.

அடியில் என்ன இருக்கிறது? 1971 இல் பரோடாவில் பௌதிகத்தில் இளமாணி, 1976 இல் அமெரிக்காவில் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தில் பிஎச்டி. ஆய்வு, பொற்றாசியம் ஈரைதரசன் பொசுபேற்று என்ற உப்பின் பளிங்கு ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவது பற்றிய கோட்பாட்டு வேலை. உயிரியலுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. பிஎச்டி முடிந்ததும் மனிதர் செய்ததுதான் பெரிய விசயம். கலாநிதிப் பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு சான் டியேகோவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உயிரியல் பட்டப்பின் மாணவனாகத் திரும்பவும் முதல் வருடத்தில் போய் உட்கார்ந்தார். இரண்டு வருடம் படித்தார், இரண்டாவது பிஎச்டி எடுக்கவில்லை. 1978 இல் யேல் பல்கலைக்கழகத்தில் பீற்றர் மூரிடம் சேர்ந்தார்.

அந்த 1978 இல் நின்று அவருடைய சீவியை, அதாவது தன்விபரக் கோவையைப் பாருங்கள். உயிரியலில் சொல்லும்படியான கட்டுரை எதுவும் கிடையாது. எண்ணிப் பார்க்கிற ஒரு தேர்வுக் குழு அந்த விண்ணப்பத்தை ஓரமாக வைத்திருக்கும். மூர் எடுத்தார், ஏனென்றால் அவருக்குத் தேவைப்பட்டது பௌதிகம் தெரிந்த ஒருவர். மூரும் டொன் ஏங்கல்மனும் இறைபோசோமை நியூத்திரன் சிதறல் மூலம் ஆராய்வது பற்றி எழுதிய கட்டுரை ஒன்றை ராமகிருஷ்ணன் வாசித்திருந்தார், வாசித்துவிட்டுக் கடிதம் எழுதினார். அவ்வளவுதான் தொடர்பு.

இறைபோசோம் உயர்தர உயிரியல் புத்தகத்தில் ஒரு புள்ளியாக வரும், நீங்கள் கணிதப் பிரிவு என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டிஎன்ஏயில் எழுதியிருப்பதைத் தூது ஆர்என்ஏ படியெடுத்துக் கொண்டுவரும், அதை வாசித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்யும் பொறிதான் இறைபோசோம். பற்றீரியாவில் அதற்கு இரண்டு பாகம்: பெரியது 50எஸ், சிறியது 30எஸ். அந்தச் சிறிய பாகத்திலேயே ஏறத்தாழ 1,500 எழுத்து நீளமான ஒரு ஆர்என்ஏயும் இருபதுக்குக் கிட்டவான புரதங்களும் இருக்கின்றன. மூர் குழு செய்தது என்னவென்றால், இரண்டு புரதங்களில் சாதாரண ஐதரசனுக்குப் பதில் கன ஐதரசனை ஏற்றி, அவற்றை மட்டும் நியூத்திரன் கற்றைக்குத் தனியாகத் தெரியவைத்து, இரண்டுக்கும் இடையிலான தூரத்தை அளப்பது. பிறகு அடுத்த சோடி. பிறகு அடுத்த சோடி. முழு வரைபடமும் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தது 1987 இல். அந்தக் கட்டுரையில் ராமகிருஷ்ணனின் பெயர் நடுவில் எங்கோ இருக்கும். பட்டியலில் அது ஒரு வரி, உண்மையில் பலருடைய பல வருடம்.

இடையில் 1982 வருகிறது. யேலில் காலம் முடிந்து, ஏறத்தாழ 50 பல்கலைக்கழகங்களுக்கு வேலைக்கு விண்ணப்பித்தார். ஒன்றிலும் விரிவுரையாளர் இடம் கிடைக்கவில்லை. ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுகூடத்தில் கொஞ்சக் காலம், பிறகு 1983 இலிருந்து புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் பன்னிரண்டு வருடம். இந்தப் பன்னிரண்டு வருடத்தைத்தான் நீங்கள் கூர்ந்து பார்க்க வேண்டும், தங்கச்சி. 1991 இல் ஒரு வருட விடுப்பு எடுத்துக் கேம்பிரிட்ஜில் உள்ள எம்ஆர்சி (பிரித்தானிய மருத்துவ ஆய்வுப் பேரவை) மூலக்கூற்று உயிரியல் ஆய்வுகூடத்துக்குப் போனார், எக்ஸ்கதிர்ப் பளிங்கியல் பழக, அதாவது ஒரு பளிங்கில் எக்ஸ்கதிரைப் பாய்ச்சி அணுக்களின் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையை. வயது நாற்பதை நெருங்குகிறது, புதிதாக ஒரு தொழிலைத் தொடக்கத்திலிருந்து பழகுகிறார். அதன் விளைவு பட்டியலில் உடனே தெரியும்: 1992 இல் எஸ்5 என்ற ஒரு இறைபோசோம் புரதத்தின் கட்டமைப்பு நேச்சர் சஞ்சிகையில், 1993 இல் டிஎன்ஏயைச் சுற்றிவைக்கும் எச்5 என்ற ஹிஸ்ற்றோன் புரதத்தின் மையப் பகுதி, அதுவும் நேச்சரில். இரண்டிலும் அவருடைய பெயர் முதலில் இருக்கிறது.

முதலில் இருப்பதற்கு என்ன அர்த்தம்? உங்கள் பௌதிகத்தில் சில துறைகளில் பெயர்களை அகர வரிசையில் போடுவார்கள், அதனால் அங்கே இடம் பெரிதாக ஒன்றும் சொல்லாது. மூலக்கூற்று உயிரியலில் இடம்தான் எல்லாம். முதல் பெயர் ஆய்வு மேசையில் நின்று வேலையைச் செய்தவர், பெரும்பாலும் பிஎச்டி மாணவர் அல்லது போஸ்ட்டொக், அதாவது பிஎச்டி முடித்துவிட்டு இன்னொருவரின் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர். கடைசிப் பெயர் ஆய்வுகூடத்தின் தலைவர், கேள்வியும் காசும் பொறுப்பும் அவருடையது. நடுவில் உள்ளவர்கள் ஒவ்வொரு அளவில் கை கொடுத்தவர்கள். ஒருவருடைய பட்டியலை எடுத்துச் சிவப்புப் பேனையால் அவர் முதலாவதாக இருக்கும் இடங்களைக் குறியுங்கள், நீலத்தால் கடைசியாக இருக்கும் இடங்களை. நல்ல ஆய்வாளருடைய பட்டியலில் அடியில் சிவப்பாக இருந்து, மேலே போகப் போக நீலமாகும். ராமகிருஷ்ணனின் பட்டியலில் நாற்பது வயதிலும் சிவப்பு இருக்கிறது. ஒரு ஆய்வுகூடத் தலைவர் அந்த வயதில் தானே மேசையில் நின்று ஒரு புதிய முறையைப் பழகியிருக்கிறார் என்பதை அது காட்டுகிறது. எந்த எண்ணிக்கையிலும் இது வராது.

1995 இல் யூட்டா பல்கலைக்கழகம். அங்கிருந்து 1999 இல், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று, திரும்பவும் கேம்பிரிட்ஜ் எம்ஆர்சி ஆய்வுகூடம். அந்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. குருதியின் ஹீமோகுளோபினைத் தேடி 1937 இல் வேலையைத் தொடங்கிய மக்ஸ் பெருட்ஸ், அதன் கட்டமைப்பை எட்ட இருபது வருடத்துக்கு மேல் எடுத்தார். அப்படிப்பட்ட ஒருவர் தலைமை தாங்கிய இடம் என்பதால் ஒரு பெரிய கேள்வியோடு பல வருடம் மௌனமாக உட்கார்ந்திருப்பதை அங்கே குறையாகப் பார்ப்பதில்லை. இறைபோசோமின் முழுப் பாகம் ஒன்றைப் பளிங்காக்கி அணு மட்டத்தில் பார்ப்பது அப்படியான கேள்விதான். ஆடா யோனத் 1980 இலேயே 50எஸ் பாகத்தின் பளிங்குகளை வளர்த்துவிட்டார், ஆனால் அந்தப் பளிங்கிலிருந்து அணுக்களின் இடத்தைப் படிக்க இன்னும் இருபது வருடம் தேவைப்பட்டது. அந்த இருபது வருடத்தில் அவருக்கு உதவித்தொகை கொடுத்தவர்கள் கட்டுரை எண்ணிக்கையை மட்டும் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1999 ஓகஸ்டில் ராமகிருஷ்ணன் குழு 30எஸ் பாகத்தை 5.5 ஆங்ஸ்ட்ரொம் துல்லியத்தில் வெளியிட்டது (ஒரு ஆங்ஸ்ட்ரொம் என்பது மீற்றரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு, எண் சிறிதானால் படம் தெளிவு). அந்தத் துல்லியத்தில் ஆர்என்ஏயின் சுருள் ஒரு முறுக்குக் கயிறு மாதிரித் தெரியும், தனி எழுத்துகள் தெரியாது. 2000 செப்டெம்பர் 21 ஆம் திகதி நேச்சரில் ஒரே இதழில் இரண்டு கட்டுரைகள், துல்லியம் ஏறத்தாழ 3 ஆங்ஸ்ட்ரொம். இப்போது ஒவ்வொரு எழுத்தும் எங்கே இருக்கிறது என்று சொல்லலாம். முதலாவது கட்டுரை கட்டமைப்பு, இரண்டாவது அந்தக் கட்டமைப்பில் ஸ்ட்ரெப்டோமைசின், ஸ்பெக்டினோமைசின், பரோமோமைசின் ஆகிய மூன்று நுண்ணுயிர்க்கொல்லிகள் எங்கே போய் ஒட்டுகின்றன என்பது. ஸ்ட்ரெப்டோமைசின் காச நோய்க்கு ஊசியாகப் போட்ட மருந்து, எங்கள் ஊரில் வயதானவர்களைக் கேட்டால் ஞாபகம் இருக்கும். பல தசாப்தங்களாகப் பாவித்த ஒரு மருந்து பற்றீரியாவை எந்த மூலையில் பிடித்து முடக்குகிறது என்பது அப்போதுதான் அணு மட்டத்தில் கண்ணுக்குத் தெரிந்தது. அதே வருடம் ஓகஸ்டில் ஸ்டைட்ஸும் மூரும் 50எஸ் பாகத்தை சயன்ஸில் வெளியிட்டிருந்தார்கள். ஆம், அதே பீற்றர் மூர், 1978 இல் பௌதிகக்காரரை உள்ளே எடுத்தவர்.

இப்போது அந்த 2000 கட்டுரையின் பெயர் வரிசையைப் பாருங்கள், உங்கள் கேள்விக்கு உண்மையில் உதவுவது இதுதான். முதல் கட்டுரையில் எட்டுப் பேர். முதலில் பிறையன் விம்பர்லி, கடைசியில் ராமகிருஷ்ணன். நடுவில் பில் கிளெமன்ஸ், ஆந்திரூ காட்டர், டிட்லெவ் புரோடெர்சன் எல்லாரும் இருக்கிறார்கள். அடுத்த வேலை, இந்தப் பெயர்களை ஒவ்வொன்றாக இணையத்தில் தேடுவது. கிளெமன்ஸ் அமெரிக்காவில் கல்டெக் என்ற கலிபோர்னியா தொழில்நுட்ப நிறுவகத்தில் பேராசிரியர். காட்டர் அதே கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் சொந்தக் குழு நடத்துகிறார், கலத்துக்குள் சுமை இழுக்கும் டைனீன் என்ற புரதத்தில். புரோடெர்சன் டென்மார்க்கில் ஓர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில். ஆக, அந்தக் குழுவில் போன பிள்ளைகள் சொந்தக் காலில் நிற்கிறார்கள், அதுவும் தங்கள் சொந்தக் கேள்விகளோடு. ஒரு பேராசிரியரிடம் சேர்வதற்கு முன் நான் பார்க்கச் சொல்லும் முதல் விசயம் இதுதான். அவருடைய பெயர் ஏற்கனவே பெரிதாக இருக்கும், அவரோடு முதல் பெயராக வந்த மாணவர் ஐந்து வருடம் கழித்து எங்கே இருக்கிறார்?

இந்த இடத்தில் எங்கள் ஊர் வருகிறது. அந்த 30எஸ் எந்தப் பற்றீரியாவிலிருந்து எடுத்தது தெரியுமா? தேமஸ் தேமோஃபிலஸ், ஜப்பானில் ஒரு வெந்நீரூற்றில் கண்டெடுத்தது. சூடான நீரில் வாழும் உயிரின் புரதங்களும் இறைபோசோமும் இலகுவில் குலையாது, அதனால் பளிங்காக்க வசதி. திருகோணமலைக் கன்னியாவில் அந்த ஏழு வெந்நீர்க் கிணற்றிலும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள், ஒரு கிணற்றை விட மற்றது கொஞ்சம் சூடு என்று கையை விட்டுப் பார்ப்போம். கன்னியா குளிக்கிற சூடுதான், தேமஸுக்கு வேண்டியது 70 பாகை செல்சியஸ் மட்டில். ஆனாலும் அந்தச் சதுரக் கிணற்றின் சுவரில் படிந்திருக்கும் வழுவழுப்பான பச்சையைத் தொடும்போது அது ஒரு உயிர், அந்தச் சூட்டுக்குப் பழகிய உயிர் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தால் நான் இன்னும் ஐந்து வருடம் முன்னதாக இந்தத் துறைக்கு வந்திருப்பேன்.

தேமஸ் தேமோஃபிலஸின் மூத்த சகோதரி என்று சொல்லக்கூடிய இன்னொரு பற்றீரியாவின் கதை இன்னும் அழகு. அமெரிக்காவில் தோமஸ் புறொக் என்ற நுண்ணுயிரியலாளர் யெலோஸ்டோன் பூங்காவின் வெந்நீரூற்றுகளில் என்ன வாழ்கிறது என்று பார்க்கப் போனார், ஒரு பயனையும் எதிர்பார்த்து இல்லை. 1966 இல் ஹட்சன் ஃபிரீஸ் என்ற இளமாணி மாணவரோடு தேமஸ் அக்குவாற்றிகஸைப் பிரித்தெடுத்தார், 1969 இல் ஒரு பற்றீரியவியல் சஞ்சிகையில் வெளியிட்டார், மாதிரியை யாரும் எடுத்துப் பாவிக்கும்படி பொதுச் சேமிப்பகத்தில் கொடுத்தார். 1976 இல் வேறொரு குழு அதிலிருந்து டிஎன்ஏயைப் படியெடுக்கும் நொதியத்தைப் பிரித்தது, முதல் பெயர் அலிஸ் சீன் என்ற மாணவி. எண்பதுகளில் டிஎன்ஏயின் ஒரு துண்டைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கும் கேரி மல்லிஸின் பிசிஆர் முறை வந்தபோது, ஒவ்வொரு சுற்றிலும் 95 பாகைக்குக் கிட்டச் சூடாக்கினாலும் சாகாத நொதியம் தேவைப்பட்டது. அது அந்த வெந்நீரூற்றில் இருந்தது. கொவிட் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்த மாதிரியைப் பிசிஆருக்கு அனுப்பினார்களே, அந்தச் சோதனையின் வேர் அந்த 1969 கட்டுரையில் இருக்கிறது. 1970 இல் புறொக்கின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து யார் இதைச் சொல்லியிருக்க முடியும்?

சரி, எண்ணிக்கைகள். எச்-இன்டெக்ஸ் என்று கூகுள் ஸ்கொலரில் வலப்பக்கம் வருவது, 2005 இல் ஹோர்ஹே ஹேர்ஷ் என்ற பௌதிகவியலாளர் முன்வைத்த அளவு. ஒருவருக்கு 40 என்றால், குறைந்தது 40 தடவை மேற்கோள் பெற்ற கட்டுரைகள் அவரிடம் 40 இருக்கின்றன என்று அர்த்தம். வயது கூடக் கூட அது கூடும், ஒருபோதும் குறையாது, பெரிய குழுவில் நடுப் பெயராக இருந்தாலும் கூடும். அதனால் 35 வயதுக்காரரையும் 60 வயதுக்காரரையும் அதை வைத்து ஒப்பிடுவது சரிவராது. மேற்கோள் எண்ணிக்கையும் அப்படித்தான். உலகத்தில் மிக அதிகமாக மேற்கோள் பெற்ற ஆய்வுக் கட்டுரைகளில் ஒன்று ஒலிவர் லோரி குழு 1951 இல் எழுதியது, மூன்று இலட்சத்துக்கு மேல். அது என்ன மகா கண்டுபிடிப்பு? ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் முறை. எல்லா ஆய்வுகூடத்திலும் தினமும் தேவைப்பட்டது, அதனால் எல்லாரும் மேற்கோள் காட்டினார்கள். மிகப் பயனுள்ள வேலை, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த எண் ஒரு வேலை எவ்வளவு பாவிக்கப்படுகிறது என்பதைத்தான் காட்டும். இன்னொரு பக்கம் பிரெடெரிக் சாங்கர். இரண்டு தடவை இரசாயனவியல் நோபல், 1958 இலும் 1980 இலும். அவருடைய தரத்துக்கு அவர் எழுதிய கட்டுரைகள் வெகு சில. இன்சுலினின் அமினோ அமில வரிசைக்குப் பல வருடம், டிஎன்ஏ வாசிக்கும் முறைக்குப் பல வருடம், அந்த முறை 1977 இல் வந்தது, 1983 இல் ஓய்வு பெற்றுத் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்.

இனி அந்த மூன்று வருட வெறுமை. உங்கள் பயம் எனக்கு விளங்குகிறது, ஏனென்றால் எங்கள் ஊரில் சீவியில் ஒரு இடைவெளி என்றால் உடனே என்ன பிழை என்றுதான் கேட்பார்கள். இடைவெளிக்குக் காரணங்கள் பல: ஆய்வுகூடம் மாறியிருக்கலாம், பிள்ளை பிறந்திருக்கலாம், வருத்தம் வந்திருக்கலாம், பெரிய ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கலாம், உண்மையிலேயே ஆய்வு படுத்திருக்கலாம். எது என்று தெரிய இடைவெளிக்கு முன்னுள்ள கட்டுரையையும் பின்னுள்ள கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பின்னால் வந்தது முன்னதை விடப் பெரிய கேள்வியா, புதிய முறையா? அப்படியென்றால் அந்த மூன்று வருடம் வேலை நடந்த காலம். கட்டலின் கரிக்கோவின் கதையை இதற்குச் சொல்வேன். ஹங்கேரியில் பிறந்து 1985 இல் அமெரிக்கா போனவர். தூது ஆர்என்ஏயை மருந்தாக்கலாம் என்ற ஒரே எண்ணத்தைப் பிடித்துக்கொண்டு இருந்தார், ஆய்வுப் பணம் கிடைக்கவில்லை, 1995 இல் பல்கலைக்கழகத்தில் பதவியிலிருந்து கீழே இறக்கினார்கள். ட்ரூ வைஸ்மனோடு சேர்ந்து, ஆர்என்ஏயின் எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில் சூடோயூரிடின் போன்ற மாற்று வடிவங்களை வைத்தால் உடலின் எதிர்ப்பு அடங்கும் என்று கண்டு, நேச்சர் ஏற்காமல் விட்ட பிறகு, 2005 இல் இம்யூனிட்டி சஞ்சிகையில் வெளியிட்டார்கள். வந்தபோது பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. கொவிட் தூது ஆர்என்ஏ தடுப்பூசிகள் அதன் மேல்தான் நின்றன, 2023 இல் இருவருக்கும் மருத்துவ நோபல். 2005 க்கு முந்திய அவருடைய பட்டியலை எண்ணினால் ஒருவரும் வேலை கொடுத்திருக்க மாட்டார்கள், உண்மையில் கொடுக்கவும் பின்னடித்தார்கள்.

மீளப் பெறப்பட்ட கட்டுரை ஏதும் இருக்கிறதா என்றும் பாருங்கள், மருத்துவ, உயிரியல் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் என்ற இணையத்தளத்தில் தெளிவாகக் குறித்திருப்பார்கள். ஆனால் ஒன்று இருந்தவுடன் ஆளைத் தள்ளாதீர்கள், எப்படி மீளப் பெற்றார் என்று பாருங்கள். 2018 இல் நோபல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னோல்ட், 2019 இல் சயன்ஸில் வந்த தன் குழுவின் கட்டுரை ஒன்றைத் திரும்பச் செய்ய முடியவில்லை என்று 2020 ஜனவரியில் தானே பகிரங்கமாகச் சொல்லி, மன்னிப்பும் கேட்டு மீளப் பெற்றார். அப்படிச் செய்யக்கூடிய ஒருவரிடம் நான் கண்ணை மூடிக்கொண்டு மாணவரை அனுப்புவேன். படங்கள் திருத்தப்பட்டிருந்தன என்று மற்றவர்கள் கண்டுபிடித்து, வருடக்கணக்கில் இழுபட்டு மீளப் பெற்றது வேறு கதை, அதுவும் ஒன்றுக்கு மேல் இருந்தால் விலகிவிடுங்கள்.

எங்கள் நாட்டு ஆய்வாளர்களின் பட்டியலை வாசிக்கும்போது இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பெரிய சஞ்சிகைகளில் கட்டுரையை எல்லாரும் இலவசமாக வாசிக்கும்படி வெளியிட பெரும்பாலும் எழுதியவர் பக்கம்தான் காசு கட்ட வேண்டும். நேச்சர் 2020 இல் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. சலுகை ஏதும் இல்லாவிட்டால் இங்கே ஒரு விரிவுரையாளரால் அப்படியான தொகையைக் கட்ட முடியாது. பேராதனையிலும் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நல்ல வேலை செய்கிறவர்களின் கட்டுரைகள் சின்னச் சஞ்சிகைகளில் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சஞ்சிகையின் பெயரைப் பார்த்து மூடாமல் கட்டுரையைத் திறந்து இரண்டாம் படத்தையாவது பாருங்கள்: கட்டுப்பாட்டு மாதிரி வைத்திருக்கிறார்களா, எத்தனை தடவை திரும்பச் செய்திருக்கிறார்கள்? அதே நேரம், காசு கட்டினால் ஒரு கிழமையில் போடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் சஞ்சிகைகளில் ஒருவருடைய பட்டியல் பாதி நிறைந்திருந்தால் அது நல்ல அடையாளம் அல்ல.

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குச் சொந்தக் காரணம் ஒன்று இருக்கிறது. நான் வெளிநாட்டில் படிக்கப் போனபோது கட்டுரைகளை எண்ணித்தான் பேராசிரியரைத் தெரிவு செய்தேன். யாரிடம் அதிகம் இருக்கிறதோ அவரிடம். ஆய்வுகூடத்தில் நாற்பது பேருக்கு மேல், பேராசிரியரை முதல் ஆறு மாதத்தில் இரண்டு தடவைதான் கிட்டக் கண்டேன். டிஎன்ஏயை ஜெல்லில் ஓடவிட்டு, இருட்டறையில் ஊதா வெளிச்சத்தைப் போட்டுப் பார்த்தால் அளவுகோல் வரிசை மட்டும் ஏணி மாதிரி மினுங்கும், என் மாதிரிகள் ஓடிய ஏழு வரிசையும் கறுப்பு. ஐந்து மாதம் இப்படி. யாரிடம் கேட்பது என்றே தெரியாது, எல்லாருக்கும் தங்கள் கட்டுரை. கடைசியில் அடுத்த மாடியில் இருந்த ஒரு சிறிய குழுவின் தலைவி, அறுபது கட்டுரைகூட இல்லாதவர், என் குறிப்புப் புத்தகத்தை வாங்கி அரை மணித்தியாலம் வாசித்துவிட்டு, மக்னீசியம் கரைசலைப் பத்து மடங்கு ஐதாகக் கலந்திருக்கிறேன் என்று பென்சிலால் வட்டம் போட்டுக் காட்டினார். அடுத்த நாள் ஏழில் ஆறு வரிசை மினுங்கியது. அந்த முதுமாணியை முடித்துவிட்டு அவரிடம்தான் பிஎச்டி செய்தேன். அவருடைய பட்டியலை அப்போதுதான் முதன்முதலில் ஒழுங்காக வாசித்தேன்: ஏறத்தாழ ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பெயர் ஒரு மாணவர், அந்த மாணவர்களில் பலர் இப்போது விரிவுரையாளர்கள்.

அதனால் உங்கள் இருவரையும் பற்றி. 400 காரரின் பட்டியலை எடுத்து அவர் கடைசிப் பெயராக இருப்பவற்றை மட்டும் எண்ணுங்கள், நிறையக் குறைந்துவிடும். வருடத்துக்கு முப்பது கட்டுரை என்றால் மாதத்துக்கு இரண்டரை, அதில் ஒவ்வொன்றையும் அவர் எவ்வளவு நேரம் வாசித்திருப்பார் என்று நீங்களே கணக்குப் போடலாம். பெரிய குழுக்களில் நல்லவையும் உண்டு, அங்கே கருவிகள் இருக்கும், கூடப் படிப்பவர்களிடம் கற்கலாம், தனித்து ஓடக்கூடிய பிள்ளைக்கு அது பொருந்தும். துறை மாறி வருகிற உங்களுக்குப் பக்கத்தில் நின்று காட்டித் தரும் ஒருவர் முதல் இரண்டு வருடமாவது வேண்டும், அதனால் நான் 70 காரரின் பக்கம் சாய்கிறேன். அவருடைய அந்த இடைவெளிக்குப் பின்னால் வந்த கட்டுரை குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி முறையில் (மாதிரியை உறையவைத்து இலத்திரன் கற்றையால் படமெடுப்பது) என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், முன்னால் வந்ததெல்லாம் எக்ஸ்கதிர்ப் பளிங்கியல் என்றும். இதை எழுதியும் உங்களுக்குப் பயம் வந்ததுதான் எனக்கு ஆச்சரியம். அந்த மூன்று வருடமும் மனிதர் முறை மாறியிருக்கிறார். 2013 ஐ ஒட்டிப் புதிய உணரிகள் வந்த பிறகு இந்தத் துறையே அப்படித்தான் மாறியது, ராமகிருஷ்ணனின் பட்டியலிலும் 2014 இலிருந்து மைற்றோகொண்டிரியாவின் இறைபோசோம் அந்த முறையில்தான் வருகிறது. அதோடு அந்த முறைக்கு ஃபூரியர் மாற்றமும் சத்தத்திலிருந்து சமிக்ஞையைப் பிரிப்பதும் தெரிந்த பிள்ளைகள்தான் தேவை. அது உங்கள் பாடம்.

அம்மாவுக்கு இதைச் சொல்லும்போது எண்ணைப் பற்றி வாதாட வேண்டாம். அந்த எழுபதில் முதல் பெயராக வந்த மாணவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவர்கள் இப்போது எங்கே வேலை செய்கிறார்கள் என்று எழுதிக் கொடுங்கள். அம்மாவுக்கு உண்மையில் தெரிய வேண்டியது அதுதான்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது: புரதத் தரவு வங்கி என்ற இணையத்தளம் இலவசம், 1971 இல் அதே புரூக்ஹேவனில் தொடங்கியது. அதில் 1ஜே5ஈ (1J5E) என்ற கோப்பைத் திறந்தால் அந்த 30எஸ் பாகம் உங்கள் மடிக்கணினியில் சுழலும். ஒரு மாலை அதைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள், ஆர்என்ஏ எங்கே, புரதங்கள் எங்கே, இரண்டுக்கும் நடுவில் வாசிப்பு நடக்கும் இடத்தில் ஏன் புரதம் இவ்வளவு குறைவு என்று. பிறகு 70 காரரின் கடைசி மூன்று கட்டுரைகளை வாசித்து, ஏதாவது ஒரு படத்தைப் பற்றி உங்களுக்கு உண்மையிலேயே எழுந்த ஒரு கேள்வியை வைத்து மின்னஞ்சல் எழுதுங்கள், பத்து வரிக்கு மேல் வேண்டாம், பௌதிகம் படிக்கிறேன் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். அனுப்ப முதல் எனக்குக் காட்டுங்கள். சனி, ஞாயிறு உவர்மலையில் வீட்டில்தான் இருப்பேன், அந்த இரண்டு பட்டியலையும் அச்சடித்து, சிவப்புப் பேனையும் நீலப் பேனையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.